பெயரும் வித்தும்

(பேரவையின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திங்கள்தோறும் கூடிக் கவிதை பேசிவரும் இப்பேரவை, பத்தாம் ஆண்டின் நினைவாக ஒரு தோட்டம் அமைக்க எண்ணியிருக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் 99 மலர்களுள் கிடைப்பவற்றையெல்லாம் தேடிக் கொணர்ந்து வைத்துப் பெயர்ப்பலகை இடுவது என்பது திட்டம். நடுவில் ஒரு சிறு குளமும் உண்டு என்று கேள்வி. தாவரவியல் கற்பித்தவன் என்ற முறையில் இதைப் பற்றி ஏதேனும் சொல்லுமாறு என்னைப் பணித்தார்கள். தோட்டம் நல்ல எண்ணந்தான். அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அதில் நடப்போகும் செடிகள் எங்கிருந்து வரும் என்று ஒரு வினாவைக் கேட்க வந்திருக்கிறேன். நாற்றங்காலிலிருந்து வரும் என்று நீங்கள் விடை சொல்லிவிடலாம். அவ்விடை ஏன் போதாது என்பதுதான் என் உரை.

முதலில் நீங்கள் அறிந்த கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். டாக்டர் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் 1889ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதற்காக ஏடுகளை ஒப்புநோக்கிவந்தபோது, குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் சில பெயர்கள் விடுபட்டிருக்கக் கண்டார். பிறகு தருமபுர ஆதீனத்து ஏடுகளில் தேடியபோது விடுபட்ட பெயர்கள் கிடைத்தன. இந்நிகழ்ச்சியைப் பின்னாளில் ‘உதிர்ந்த மலர்கள்’ என்னும் தலைப்பில் அவரே எழுதினார்.

இக்கதையைச் சொல்லும்போது நாம் ஐயரவர்களின் உழைப்பை வியந்து அத்தோடு நின்றுவிடுகிறோம். அவ்வுழைப்பு பயன் தருவதற்கு வேறொன்று இருந்திருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட ஏடுகள் எஞ்சியிருக்க வேண்டும். அவை வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு கைகளில், வெவ்வேறு விதமாகச் சிதைந்திருக்க வேண்டும். தமிழகத்தில் குறிஞ்சிப்பாட்டுக்கு ஒரே ஏடு இருந்து, அதிலும் அந்த இடம் செல்லரித்திருந்தால், தேடுவதற்குத் தருமபுரம் என்று ஓரிடம் இருந்திராது. நூலின் பெயர் அப்போதும் நின்றிருக்கும். குறிஞ்சிப்பாட்டு உளது என்றே நாம் சொல்லிக்கொண்டிருப்போம். உள்ளே மலர்கள் இருந்திரா.

செடியினங்களின் நிலையும் இதுவே. காந்தள் என்பது நூலின் பெயர். கொல்லிமலைச் சரிவில் நிற்கும் காந்தள் ஓர் ஏடு. வேதாரணியத்து மணற்பாங்கில் நிற்பது மற்றோர் ஏடு. இரண்டும் காந்தளே. ஒன்றன் மகரந்தம் மற்றொன்றன் சூல்முடியில் பட்டால் விதை பிடிக்கும். ஆயினும் மலைச்சரிவின் மண்ணும் மழையும் பல தலைமுறைகளாக ஒன்றில் எழுதியதும், உப்புக்காற்று மற்றொன்றில் எழுதியதும் ஒன்றல்ல. செடியின் ஒவ்வோர் உயிரணுவிலும் இருக்கும் மரபுக்கூறுகளில் இவ்வேறுபாடு பதிந்திருக்கிறது. இதனையே மரபுப் பன்மை என்கிறோம். ஓர் இனத்தைக் காத்தல் வேறு. அவ்வினத்துக்குள் இருக்கும் பன்மையைக் காத்தல் வேறு. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதையும் செய்துவிட்டதாக எண்ணுவது எங்கள் துறையில் நெடுங்காலம் இருந்த மயக்கம். இலக்கியத் துறையில் அம்மயக்கம் இன்னும் எளிதில் வரும். பெயர்களோடு வாழ்பவர்கள் நீங்கள்.

ஏட்டுவமையை மிகவும் நீட்டக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏட்டில் பிழை பிழைதான். பதிப்பாசிரியர் பாடபேதங்களை ஒப்பிட்டு மூலபாடத்தை அடைய விரும்புகிறார். செடிக்கு மூலபாடம் என்று ஒன்று கிடையாது. அங்கே எல்லாமே பாடபேதந்தான். அப்பேதமே அதன் செல்வம்.

அச்செல்வம் எப்போது செலவாகும் என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு சான்று உண்டு. அங்குள்ள காடுகளில் ஆஷ் என்னும் மரம் பெருவரவினது. கிழக்காசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சை அதைத் தாக்கியது. 1990களின் தொடக்கத்தில் போலந்து நாட்டில் மரங்கள் நுனியிலிருந்து காயத் தொடங்கின. 2012ஆம் ஆண்டில் நோய் பிரிட்டனில் கண்டறியப்பட்டது. காடு காடாக மரங்கள் பட்டுப்போயின. ஆனால் நூற்றில் ஒருசில மரங்கள் நோய்க்கு நடுவிலும் பசுமையாக நின்றன. அவை எவ்வகையிலும் சிறந்த மரங்களாக முன்பு கருதப்பட்டவையல்ல. எவரும் அவற்றைத் தேர்ந்து நட்டதில்லை. அவற்றின் மரபில் இருந்த ஏதோ ஒரு பேதம், நோய் வரும்வரை பயனற்றதாகக் கிடந்தது. நோய் வந்தபின் அதுவே அவ்வினத்தின் மறுவாழ்வுக்கு முதலாயிற்று. இன்று அம்மரங்களிலிருந்து விதை சேர்த்து வளர்க்கிறார்கள். எந்தப் பேதம் எந்நாளில் வேண்டப்படும் என்பதை முன்னரே கூற எவராலும் இயலாது. ஆகவேதான் எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலும் இதற்கு இணையான கவலை உண்டு. சந்தன மரத்தைத் தாக்கும் கூர்நுனி நோய் குடகுப் பகுதியில் 1899ஆம் ஆண்டிலேயே குறிக்கப்பட்டது. இலை சிறுத்துக் கூராகி மரம் மடியும். நோயுற்ற மரத்தைக் காக்கும் எளிய மருந்து இன்றும் இல்லை. இந்நோயைத் தாங்கும் மரங்களைத் தேட வேண்டுமானால் பலவகை மரங்கள் நிற்க வேண்டும். நாமோ நல்ல வைரம் பாய்ந்த மரங்களை முதலில் வெட்டினோம். அரசும் வெட்டியது, கள்வரும் வெட்டினர். காட்டில் விதை சிந்த எஞ்சியவை எவராலும் வேண்டப்படாத மரங்கள்.

இனிக் காந்தளுக்கு மீள்கிறேன். இதனைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் இது அழியும் செடியின் கதையன்று, பெருகும் செடியின் கதை.

மகளிர் விரலுக்குக் காந்தளை உவமித்த மரபு உங்களுக்குப் பழகியது. இன்று அது தமிழ்நாட்டின் மாநில மலர். ஈழத்தில் அதனைக் கார்த்திகைப்பூ என்பர். உழவர்க்கோ அது கண்வலிக்கிழங்கு; சிலவிடங்களில் கலப்பைக்கிழங்கு. மண்ணைக் கிளறிப் பார்த்தால் கிழங்கு இரு கவராகப் பிரிந்து கலப்பையைப் போலத் தோன்றும். பெயரின் காரணம் விளங்கும். இதன் விதையிலும் கிழங்கிலும் கொல்சிசின் என்னும் நச்சுப்பொருள் இருக்கிறது. அளவறிந்து கொடுத்தால் கவுட் என்னும் மூட்டுநோய்க்கு அது மருந்து. இதில் இன்னொரு விந்தையும் உண்டு. தாவர உயிரணு பிரியும்போது அதைத் தடுத்து மரபிழைகளை இரட்டிக்கச் செய்யும் ஆற்றல் கொல்சிசினுக்கு இருப்பதை 1937ஆம் ஆண்டில் அறிஞர்கள் வெளியிட்டனர். அன்றுதொட்டு புதிய பயிர் வகைகளை ஆக்குவோரின் கைக்கருவிகளுள் அது ஒன்று. பிற செடிகளின் மரபை மாற்றி எழுதும் மையைக் காந்தள் தன்னுள் வைத்திருக்கிறது எனலாம்.

மருந்துக்கு விலை உண்டாகவே, மூலனூர், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் முதலிய பக்கங்களில் காந்தள் வயற்பயிராயிற்று. தொடக்கத்தில் நடவுக்கிழங்கு காடுகளிலிருந்து தோண்டி வந்தது. ஒரு செடியிலிருந்து ஆண்டுக்கு இரண்டு கிழங்குக்கு மேல் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஓர் ஏக்கருக்கு எவ்வளவு கிழங்கு வேண்டும், அதற்கு எத்தனை மலையடிவாரங்கள் கிளறப்பட்டிருக்கும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

வயலுக்கு வந்தபின் நடப்பது இன்னும் நுட்பமானது. காந்தள் மலரைக் கூர்ந்து பார்த்தவர்கள் அதன் சூல்தண்டு நேராக நில்லாமல் பக்கவாட்டில் மடிந்து, மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்பதைக் கண்டிருப்பர். தன் மகரந்தம் தன்மேல் படாமல் காத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. தேன்சிட்டும் வண்ணத்துப்பூச்சியும் அயற்செடியின் மகரந்தத்தைக் கொணர வேண்டும் என்று அக்கொடி காத்திருக்கிறது. வயலில் அவை போதுமான அளவு வருவதில்லை. ஆகவே உழவர் குடும்பத்தார் காலைநேரத்தில் பூப்பூவாகச் சென்று கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். விதை நன்றாகப் பிடிக்கிறது. விதையென்பது இரு செடிகளின் மரபு கலந்து உண்டான புதிய ஏடு. ஆனால் அவ்விதை மண்ணுக்குத் திரும்புவதில்லை. மூட்டை கட்டி மருந்தாலைக்குச் செல்கிறது. மண்ணுக்குத் திரும்புவது கிழங்கு. கிழங்கு பழைய செடியின் நேர்ப்படி. விதையிட்டு வளர்த்தால் பூக்கச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால் உழவர் கிழங்கையே நாடுகிறார். அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

விளைவு என்ன? ஆயிரக்கணக்கான பூக்கள் நிற்கும் வயலிலே அத்தனை ஏடுகள் இல்லை. சில ஏடுகளின் அச்சுப்படிகளே நிற்கின்றன. மழை மிகுந்த ஆண்டில் இலைக்கருகலும் கிழங்கழுகலும் வந்தால் வயல் முழுவதும் ஒருசேர வீழ்கிறது. இடத்துக்கு இடம் காட்டுக் காந்தளில் கொல்சிசினின் அளவு வேறுபடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நோய் தாங்கும் தன்மையும் வேறுபடவே செய்யும். அவ்வேறுபாடுகள் இருந்த வேலியோரங்களும் புதர்க்காடுகளும் குறைந்துவருகின்றன. வயலில் காந்தள் பெருகியதைக் கண்டு காந்தள் காக்கப்பட்டது என்று நாம் மகிழ்ந்தால், அச்சுப்புத்தகம் பெருகியதால் இனி ஏடுகளை ஆற்றில் விடலாம் என்று மகிழ்ந்தவர்களோடு நாமும் சேர்வோம்.

குறிஞ்சியைப் பற்றி ஒன்றே ஒன்று. பன்னீராண்டுக்கொருமுறை பூப்பது என்று எல்லோரும் பாடியாயிற்று. நீலகிரியிலும் மூணாறு மலைகளிலும் அது 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. ஆனால் கர்நாடகத்துப் பாபாபுதன் மலைகளிலும், இடுக்கி மாவட்டத்திலேயே சாந்தன்பாறைப் பக்கத்திலும் 2022ஆம் ஆண்டில் பூத்தது. ஒரே இனத்தின் கூட்டங்கள் வெவ்வேறு பஞ்சாங்கம் வைத்திருக்கின்றன. ஒன்று பூக்கும் ஆண்டில் மற்றொன்று பூக்காவிட்டால், இடையில் ஒரு மலையே இல்லாவிடினும் அவற்றுக்குள் மகரந்தம் மாறாது. நிலத்தாலன்றிக் காலத்தால் பிரிந்த குலங்கள் அவை. பூக்காத பதினோராண்டுகளில் குறிஞ்சிச் சரிவு வெறும் புதராகவே கண்ணுக்குத் தோன்றும். அந்நாளில் அங்கே தேயிலையோ சீகை மரமோ யூகலிப்டஸோ வைத்தால், பூத்துக் காட்டி முறையிடவும் அக்குலத்திற்கு வாய்ப்பில்லை. வேறிடத்துக் குறிஞ்சி அடுத்த முறை பூக்கும்போது படமெடுக்கச் செல்வோர்க்கு எதுவும் குறைந்ததாகத் தோன்றாது. 2006ஆம் ஆண்டில் கேரள அரசு குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்தது நற்செயல். ஒரு சரணாலயம் ஒரு குலத்துக்கு. மற்றக் குலங்களுக்கும் அவ்வவற்றின் மலை வேண்டும்.

இனி நீர்நிலைக்கு வருவோம். என் நெஞ்சில் பெரிதும் தைப்பது இதுவே.

மூதுரையில் ஔவையார் உற்ற உறவுக்குச் சொன்ன உவமையை இங்குள்ள எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். குளத்தில் நீர் வற்றியதும் பறவைகள் பறந்துபோகின்றன. கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் அங்கேயே கிடக்கின்றன. இது உவமைக்காகச் சொல்லப்பட்ட நயம் மட்டுமன்று, பிழையற்ற தாவரவியலுமாகும். கோடையில் அவற்றின் கிழங்கும் விதையும் உலர்ந்த சேற்றுக்குள் உறங்கியிருக்கும். மழை வந்து குளம் நிரம்பியதும் துளிர்க்கும். ஒரு பழைய கண்மாயின் சேறு என்பது பல பருவங்களின் விதைகள் அடுக்கடுக்காகக் கிடக்கும் ஏட்டறை. தாமரை விதையின் வாழ்நாளைக் கேட்டால் வியப்பீர்கள். சீனத்தின் லியாவோனிங் மாநிலத்தில் முன்பு ஏரியாக இருந்து வறண்ட ஓரிடத்தில் அகழ்ந்தெடுத்த தாமரை விதையொன்று, ஏறத்தாழ 1300 ஆண்டுகள் மண்ணுள் கிடந்தபின் முளைத்ததை 1995ஆம் ஆண்டில் அறிஞர்கள் வெளியிட்டார்கள். அவ்விதை உறங்கத் தொடங்கிய நாளில் தமிழகத்தில் பல்லவர் ஆண்டுகொண்டிருந்தனர்.

அந்த ஏட்டறையை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? தூர்வாருதல் வேண்டுவதே, முன்னோரும் ஆண்டுதோறும் செய்தனர். மண்வெட்டியால் பகுதி பகுதியாக வாரினர்; வண்டல் அடுத்த வயலுக்குச் சென்றது; மூலையில் சேறு எஞ்சியது. இன்று இயந்திரம் இரண்டே நாளில் கரையிலிருந்து கரைவரை அடிமண் தெரிய வாரிவிடுகிறது. வாரிய சேறு எங்கோ பள்ளம் நிரப்பச் செல்கிறது. சில கோயிற்குளங்களுக்கு அடித்தளமே சிமென்டு. பிறகு, குளம் அழகாக இருக்க வேண்டுமென்று நாற்றங்காலிலிருந்து தாமரைக் கிழங்கு வாங்கிவந்து போடுகிறோம். பூக்கிறது, ஊர் மகிழ்கிறது. தாமரைக்குளம் என்ற பெயரும் நிலைக்கிறது. அக்குளத்துக்கே உரிய தாமரை போயிற்று என்று எவரும் எழுதிவைப்பதில்லை. கொட்டியை மீண்டும் கொணர்ந்து போட வேண்டுமென்றோ எவருக்கும் தோன்றுவதில்லை. அது விற்பனைக்கும் இல்லை.

அயலிலிருந்து வந்த களையின் கதையோ நேர்மாறு. நம் நீர்நிலைகளை மூடிக்கிடக்கும் வெங்காயத்தாமரை தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. உலகெங்கும் பரவியுள்ள அதன் கூட்டங்களை ஒப்பிட்டவர்கள், அவற்றுள் மிகப் பெரும்பகுதி ஒரே செடியின் நேர்ப்படிகள் என்று 2010ஆம் ஆண்டில் எழுதினார்கள். பன்மையே வலிமை என்று நான் கூறிவருவதற்கு இது தடையல்லவா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதே. தன்னைத் தின்னும் பூச்சியையும் தாக்கும் நோயையும் பிறந்த ஊரிலேயே விட்டுவந்த செடிக்கு ஒரே ஏடு போதும். பகைவர்களோடு ஒரே ஊரில் காலங்காலமாக வாழும் நம் ஆம்பலுக்கு அது போதாது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அதைத்தான் நம் தோட்டக்குளத்தோடு சேர்த்து நான் அஞ்சுகிறேன். நெய்தல், குவளை, நீலோற்பலம் என்னும் பெயர்கள் எவ்வெவ்வினத்தைக் குறித்தன என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நீலநிற ஆம்பல் இனம் ஒன்று அவற்றுள் இருக்கிறது என்பதில் பெரும்பாலும் உடன்பாடு உண்டு. இலங்கையில் அதனைச் சிங்களத்தில் நீலமானெல் என்பர். 1986ஆம் ஆண்டில் அந்நாட்டின் தேசிய மலராயிற்று. நாட்டு நீலோற்பலத்தின் நிறம் மெல்லியது. வெண்மை கலந்த வெளிர்நீலம். இதற்கிடையில் அந்நாட்டு நீர்நிலைகளில் ஊதா நிறம் ஓங்கிய ஒரு மலர் பெருகியது. பார்வைக்குக் கவர்ச்சியானது, வழிபாட்டுக்கு விற்பதற்கும் அதுவே மிகுதியாக வந்தது. மக்கள் பலரும் அதனையே நீலமானெல் என்று கொண்டார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் ஆராய்ந்து, அது நாட்டுமலர் அன்று, அயல்நாட்டு ஆம்பல் இனங்களின் கலப்பில் தோன்றியது என்று காட்டினார்கள்.

இதில் இரண்டு இழப்பு உண்டு. வந்தது, இருந்ததன் இடத்தைக் கொள்கிறது என்பது ஒன்று. வந்ததும் இருந்ததும் நெருங்கிய உறவாயிருப்பின், மகரந்தம் மாறி நாட்டினத்தின் மரபே கலங்கக்கூடும் என்பது மற்றொன்று. முன்னது கண்ணுக்குத் தெரியும், பின்னது தெரியாது. பெயரோ இரண்டுக்கும் ஒன்றே. தலைவியின் கண்ணுக்கு உவமையாக எந்த நிறத்தை நம் புலவர்கள் கண்டார்கள் என்பதை, நாளைய மாணவன் குளக்கரையில் நின்று அறிய வேண்டுமானால், அவன் காண்பது அந்தப் பூவாக இருக்க வேண்டாவா?

கலப்பு என்றாலே தீது என்று நான் கூறவில்லை. பிச்சாவரத்துக் கண்டற்காட்டில் சுரபுன்னை இனங்கள் இரண்டு தாமே கலந்து உண்டான ஒரு மரம் நிற்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரை ஒட்டி அதற்கு அறிவியற்பெயர் இட்டிருக்கிறார்கள். அது அம்மண்ணின் பிள்ளை. அதனை எவரும் களை என்று கூறார்.

பிச்சாவரம் என்றதும் தில்லை நினைவுக்கு வருகிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம் அது, கோயிலின் தலமரம். உடைத்தால் வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு. இன்று அது செழித்து நிற்பதைக் காண வேண்டுமானால் ஊரை விட்டுப் பிச்சாவரத்தின் உப்பங்கழிக்குச் செல்ல வேண்டும். தலமரம் என்ற வகையில் பக்தர்கள் ஒரு கன்று கொண்டுவந்து நடுவது உண்டு. தில்லையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஒரு கன்றை நட்டால் நிழல் கிடைக்கும். வித்து ஒருநாளும் கிடைக்காது. தனிமரம் தோப்பாகாது என்ற பழமொழி வேறெந்த மரத்துக்கும் இத்துணைப் பொருந்தாது.

இவ்விதைகளையெல்லாம் சேர்த்துக் குளிரறையில் வைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நார்வே நாட்டின் ஸ்வால்பார்டில் 2008ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட விதைப் பெட்டகத்தைப் பற்றி நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். புதுதில்லியில் நம் நாட்டுத் தேசிய மரபணு வங்கியும் உண்டு. நெல், கம்பு, பயறு முதலியவற்றை உலர்த்திக் கடுங்குளிரில் நெடுங்காலம் வைக்கலாம். ஆனால் எல்லா விதையும் தாமரை விதையன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதை, ஈரம் உலர்ந்ததும் இறந்துவிடும். வெள்ளைக்குங்கிலியம் அத்தகையது. வெண்கண்டலின் விதையும் அத்தகையதே. சுரபுன்னையின் வித்தோ தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து நீண்டுவிடுகிறது. உறங்குதல் என்பதையே அது அறியாது. இவற்றுக்குப் பெட்டகம் கிடையாது; காடே பெட்டகம். கடல்நீர் ஏறிய வயலிலும் விளையும் நெல்லை ஆக்கலாமோ என்று வெண்கண்டலின் மரபணுவை நெல்லில் சேர்த்துச் சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆய்ந்திருக்கிறது. அத்தகைய ஆய்வு செய்வோர் கை வைப்பது காட்டில் நிற்கும் மரத்தின் மேல்தான்.

இருந்த இடத்திலேயே காத்தல் என்பதற்கு நம் பக்கத்தில் முன்மாதிரியும் உண்டு. 1993ஆம் ஆண்டு தொடங்கித் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் வனத்துறையினர், பெங்களூரைச் சேர்ந்த ஓர் அறக்கட்டளையோடு இணைந்து, வறண்ட புதர்க்காடு முதல் சோலைக்காடு வரை மருந்துச்செடிப் பாதுகாப்பிடங்கள் 30 வகுத்தார்கள். ஒரே செடி பல காடுகளில், பல உயரங்களில் காக்கப்பட வேண்டும் என்பது அதன் அடிப்படை. பலரும் அறியாத அப்பணியை நான் பெரிதாக மதிக்கிறேன். நம் ஊர்க் கோயிற்காடுகளும் ஒருவகையில் அப்பணியையே செய்துவந்தன. இப்போது அவை வயல்களுக்கும் சாலைகளுக்கும் நடுவே தீவுகளாய்ச் சுருங்கி, உள்ளிருக்கும் மரங்கள் தம் உறவுக்குள்ளேயே விதை பிடிக்க வேண்டியவையாய் நிற்கின்றன.

நம் தோட்டத்துக்கு வருகிறேன். பெயர்ப்பலகையில் மலரின் பெயரும் பாட்டில் அது வரும் இடமும் எழுதுவதாகத் திட்டத்தில் கண்டேன். மூன்றாவதாக ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன்: வித்து எடுத்த ஊர். அவ்வரியை எழுத முடியாத செடியை வைக்க வேண்டா. பலகையை மட்டும் வைத்து இடத்தைக் காலியாக விடுங்கள். இந்த மாவட்டத்து மலையடிவாரத்திலும் கண்மாயிலும் உள்ளதை முதலில் நாடுங்கள். காட்டில் எடுப்பதற்கு வனத்துறையின் இசைவு வேண்டும். இசைவு கிடைத்தாலும் கிழங்கைத் தோண்டாமல் விதையே எடுக்க வேண்டும். ஒரே செடியை மொட்டையடிக்காமல், இயலுமாயின் ஐம்பது செடிகளிலிருந்து சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். மரபுப் பன்மையில் பெரும்பகுதியைக் கைக்கொள்ள அவ்வளவு வேண்டும் என்பது விதை சேகரிப்போர் பின்பற்றும் அளவு. குறிஞ்சியைச் சமவெளியில் வைக்க முயன்று அதனைக் கொல்ல வேண்டா. மலைக்கு ஒருமுறை எல்லோரும் போய்வரலாம்.

இன்னொரு பணி உங்களால்தான் ஆகும். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் எல்லைக்குள் உள்ள உயிர்வளங்களுக்கு மக்கள் பதிவேடு எழுத வேண்டும். நான் புரட்டிய சில பதிவேடுகளில் தாமரை, ஆம்பல், வேம்பு என்று பொதுப்பெயர்களே இருந்தன. எந்தக் குளத்து ஆம்பல், சிவப்பா வெளுப்பா, எம்மாதத்தில் பூக்கும், அதனை மீனவரும் இடையரும் என்ன பெயரிட்டு அழைக்கின்றனர் என்பதெல்லாம் இல்லை. அறிவியல் கற்றவர்கள் இனத்தின் பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு பூவுக்கு அரும்பு, மொட்டு, முகை, போது, மலர், அலர் என்று பருவந்தோறும் பெயர் வைத்த மொழியில் எழுதுபவர்கள் நீங்கள். வேறுபாட்டைக் காணும் கண் உங்களுக்கு வாய்த்திருக்கிறது. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு அவ்விவரத்தை எழுதித் தாருங்கள். திங்கள்தோறும் கூடுவதில் ஒரு கூட்டம் கண்மாய்க்கரையில் நடக்கட்டும்.

நீலோற்பலக் குளம் பற்றிச் சொல்லி அமைகிறேன். விழாவுக்கு முன் பூத்திருக்க வேண்டுமென்று கடையில் ஊதா ஆம்பல் வாங்குவதற்கு முன்பணம் கொடுக்கவிருப்பதாகச் செயலாளர் சொன்னார். அதை நிறுத்திவைக்க வேண்டுகிறேன். அயல்கலப்பினங்கள்தாம் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும். அவை மழைவெள்ளத்தில் நம் குளத்தை விட்டு வெளியேறினால் அடுத்த கண்மாய்தான் அவற்றுக்கு வீடு. வடகிழக்குப் பருவமழை முடிந்து, கண்மாய்களில் வெளிர்நீல ஆம்பல் காய் முற்றும் வரை பொறுத்திருப்போம். நானும் உடன்வருகிறேன். அதுவரை குளத்தில் தண்ணீர் மட்டும் இருக்கட்டும்.